வருவாள் என்பதற்கு ஆங்கிலம்

எங்கள் ஊரில் ‘வுட்’ என்பது மரியாதைச் சொல். எந்தப் புத்தகத்திலும் அப்படி எழுதவில்லை. ஆனாலும் காஞ்சிபுரத்தில் ஆங்கிலம் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அதை நம்புகிறார்கள். தமிழில் ‘வருவான்’ என்பதற்கும் ‘வருவார்’ என்பதற்கும் என்ன வித்தியாசமோ, அதுதான் ‘வில்’லுக்கும் ‘வுட்’டுக்கும் என்பது இவர்கள் எண்ணம். தம்பி நாளைக்கு வந்தால் ‘வில் கம்’. தாய்மாமன் நாளைக்கு வந்தால் ‘வுட் கம்’. மேனேஜருக்கு லீவு லெட்டர் கொடுக்கிறவன் ‘ஐ வுட் மீட் யூ ஆன் மண்டே’ என்று எழுதுவான். ஏனய்யா இப்படி என்று கேட்டால், ‘வில்’ போட்டால் எடுத்தெறிந்து பேசுகிற மாதிரி இருக்காதா சார் என்பான். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடை புதுக் கிளை திறந்தபோது, அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர் ‘வுட் இனாகரேட்’ என்று அச்சடித்திருந்தார்கள். வந்தால் திறந்து வைப்பார், ஆனால் வருவது சந்தேகம்தான் என்று அதற்கு அர்த்தம் வரும். நான் அந்தக் கடைக்கே போய்ச் சொன்னேன். முதலாளி என்னை உட்கார வைத்து, காபி வரவழைத்து, “அவ்ளோ பெரிய மனுஷனுக்கு வில்லுன்னு போட முடியுமா சார்?” என்று திருப்பிக் கேட்டார்.

நான் இருபத்தெட்டு வருடம் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன். இப்போது செவிலிமேட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் சாயங்காலம் இலக்கண வகுப்பு எடுக்கிறேன். வங்கித் தேர்வு எழுதுகிறவர்கள், கம்பெனி இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள், பட்டுக் கடையில் வடநாட்டுக் கஸ்டமர்களிடம் தடுமாறுகிறவர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். எனக்கு முன்கோபம் உண்டு. சாக்பீஸைத் தூக்கி எறிவேன். அதிலும் இந்த ‘வுட்’ விவகாரம் வந்துவிட்டால் சாமி ஏறியவன் மாதிரி ஆகிவிடுவேன். “வில்லுக்கு ஒரு வேட்டி கட்டி விட்டா அது வுட்டு ஆயிடுமாய்யா?” என்று கத்துவேன். என் கத்தல் தெருமுனை வரை கேட்கும் என்பாள் என் மகள்.

மகளை நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். ஒரே பிள்ளை. எஞ்சினியரிங் முடித்துவிட்டு, ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். நல்ல ஆங்கிலம் தெரிந்தவள், ஆனால் என்னை வெறுப்பேற்றுவதற்கென்றே வீட்டில் தப்பாகப் பேசுவாள். வகுப்பு நடக்கும்போது உள்ளேயிருந்து தலையை நீட்டி, “ஃபாதர், யுவர் காபி வுட் பீ ரெடி” என்பாள். வகுப்பு முழுக்கச் சிரிக்கும். நான் சாக்பீஸை அவள் பக்கம் எறிவேன். அதை லாகவமாகப் பிடித்துக்கொண்டு, “இன்னாப்பா நீ, பெரியவராச்சேன்னு ஒரு மரியாதை குடுத்தா கோச்சிக்கிற” என்பாள்.

பாருங்கள், நானே ‘என்பாள்’, ‘பேசுவாள்’ என்று எழுதிக்கொண்டே போகிறேன். அவள் போன ஐப்பசியில் இறந்துவிட்டாள்.

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே உடம்பு சுட்டது. செவ்வாய்க்கிழமை மாத்திரை போட்டுக்கொண்டு, ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு, டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிடலாமா என்று என் மனைவி கேட்டாள். வகுப்பு முடியட்டும் என்றேன். வகுப்பு முடிந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். புதன்கிழமை கொண்டுபோய்ச் சேர்த்தோம். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. டாக்டர்கள் ஆனமட்டும் பார்த்தார்கள், அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் போய்விட்டாள். இருபத்தாறு வயது. அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் நடத்திய பாடம் ஆக்டிவ் வாய்ஸ், பேஸிவ் வாய்ஸ்.

நாற்பது நாள் கழித்து வகுப்பை மறுபடியும் ஆரம்பித்தேன். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. ஆரம்பத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெயர்ச்சொல், முன்னிடைச்சொல் என்று வண்டி பழைய தடத்தில் ஓடியது. பிறகு ‘இஃப் கிளாஸ்’ என்கிற நிபந்தனை வாக்கியம் வந்தது. எங்கள் பாடப் புத்தகங்களில் அதற்கு மூன்று வகை உண்டு. முதல் வகை நடக்கக்கூடியது, அதற்கு ‘வில்’. இரண்டாம் வகை நடக்க வாய்ப்பில்லாதது, அதற்கு ‘வுட்’. மூன்றாம் வகை இனிமேல் நடக்கவே முடியாதது, அதற்கு ‘வுட் ஹேவ்’. முதல் இரண்டையும் நடத்திவிட்டு மூன்றாவதை விட்டுவிட்டேன். அடுத்த வாரம் வங்கித் தேர்வுக்குப் படிக்கிற ஒரு பெண் எழுந்து, “சார், தேர்ட் டைப் நீங்க நடத்தவே இல்ல” என்றாள். அவள் மேல் தப்பில்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினேன். மூன்றாம் வகைக்கு எல்லா இலக்கணப் புத்தகத்திலும் ஒரே உதாரணம்தான் இருக்கும். டாக்டர் முன்னாலேயே வந்திருந்தால் நோயாளி பிழைத்திருப்பார். இருபத்தெட்டு வருடமாக அந்த நோயாளியை வருடம் தவறாமல் சாகடித்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே சாகடித்திருக்கிறேன். அன்றைக்கு ‘இஃப்’ என்று எழுதினேன், அதற்கு மேல் கை போகவில்லை. பின்னால் பதினைந்து பேர் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். உடம்பு சரியில்லை, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்றேன். பலகையில் அந்த ஒற்றைச் சொல் நாலு நாள் அப்படியே இருந்தது. யார் அழித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

சித்திரை பிறந்த சமயத்தில் பாப்பாவின் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அவளுடைய பிரிவில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அவள் நினைவாக ஒரு புத்தக அலமாரி வைக்கிறார்களாம். சின்னதாக ஒரு கூட்டம். பெற்றவர்கள் வந்து, அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் படிக்க வேண்டும். அதை அப்படியே கண்ணாடி போட்டு அலமாரி பக்கத்தில் மாட்டி வைப்பார்கள். அவளுடைய மேலாளர் வெளிநாட்டுக்காரர், தமிழ் தெரியாது, அதனால் ஆங்கிலத்தில் இருந்தால் நல்லது என்று போனில் பேசிய பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். எனக்கு அவ்வளவு துக்கத்திலும் ஒரு சின்னப் பெருமை வந்தது. மறைக்க வேண்டியதில்லை. என் மகளைப் பற்றி ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுத என்னால் முடியும், அது ஒன்றுதான் நான் இனி அவளுக்குச் செய்யக்கூடியது என்று நினைத்தேன்.

மூன்று நாள் உட்கார்ந்தேன். ஒரு வரி வரவில்லை. எழுதியதெல்லாம் பள்ளிக்கூடத்து நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி இருந்தது. என் மனைவி அதை வாங்கிப் பார்த்தாள். அவள் பத்தாவது வரை படித்தவள், காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் சேலை எடுத்துக் காட்டுகிற வேலை. ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பாள்.

“இன்னாங்க இது, யாரோ வேலைக்கு மனு போட்ட மாதிரி இருக்குது. நான் சொல்றேன், நீங்க அப்டியே எழுதுங்க” என்றாள்.

அவரைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். நான் எதிரே உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே வந்தேன்.

“ஆறரைக்கு பஸ்ஸ விட்டு எறங்குவா. வந்ததும் பைய தூக்கி ஃப்ரிட்ஜு மேல போடுவா. எத்தினி தபா திட்டுனாலும் அங்கதான் போடுவா. பானைத் தண்ணிய சொம்போட தூக்கிக் குடிப்பா, மேலெல்லாம் ஊத்திக்குவா. ஞாயித்துக்கெழமையானா எனக்கு மருதாணி வச்சி விடுவா, நரை தெரியாம. சின்ன காஞ்சிபுரம் பக்கம் போனா கோயில் இட்லி வாங்கியாருவா, சாமி கும்புட்டாளோ இல்லையோ. அப்பாகிட்ட சண்ட போடுவா. வைகாசில கருட சேவைக்கு லீவு போடுவா. கம்பெனில கேட்டா வவுத்து வலின்னு சொல்லுவா.”

“அதை அந்தக் கம்பெனியிலயே போயி படிக்கச் சொல்றியா?”

“படிங்க. தெரியட்டும்” என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. ஐப்பசிக்குப் பிறகு நான் அதைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போன பிறகு எழுதியதைப் படித்துப் பார்த்தேன். பத்து இடத்தில் ‘வில்’ இருந்தது. ‘ஷீ வில் கெட் டவுன் அட் சிக்ஸ் தர்ட்டி. ஷீ வில் த்ரோ ஹர் பேக் ஆன் தி ஃப்ரிட்ஜ்.’ அவள் ‘எறங்குவா’, ‘போடுவா’ என்று சொல்லச் சொல்ல, என் கை தானாக ‘வில்’ என்று எழுதியிருக்கிறது. வேறு யாராவது இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

இருபத்தெட்டு வருடத்தில் இதை நான் நின்று யோசித்ததே இல்லை. தமிழில் ‘ஆறரைக்கு இறங்குவாள்’ என்றால், இன்றைக்கு இறங்கப் போகிறாள் என்றும் இருக்கலாம், முன்பெல்லாம் ஆறரைக்கு இறங்குவது அவள் வழக்கம் என்றும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே சொல். செத்தவர்களைப் பற்றிப் பேசும்போதுகூட வருவார், சிரிப்பார், கேட்பார் என்று பேசிக்கொண்டே இருக்கலாம். எது என்று யாரும் நம்மை மறித்துக் கேட்பதில்லை. ஆங்கிலம் கேட்கும். வரப்போகிறவளா, ‘வில்’ போடு. முன்பு வந்துகொண்டிருந்தவளா, ‘வுட்’ போடு. நடுவில் நிற்க இடமில்லை. இந்தப் பாடத்தை எத்தனை பேருக்கு எவ்வளவு சுலபமாக நடத்தியிருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். பழக்கம்தான், வேறென்ன. முதல் ‘வில்’லை அடித்துவிட்டு மேலே ‘வுட்’ என்று எழுதினேன். இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வரும்போது, அவளை நானே வாசலில் நின்று திருப்பி அனுப்புகிற மாதிரி இருந்தது. கருட சேவை வரியில் ரொம்ப நேரம் நின்றேன். அது சித்திரை மாதம். வைகாசிக்கு இன்னும் முழுசாக ஒரு மாதம் இருந்தது. அதையும் அடித்தேன்.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னாங்க, எல்லாத்தையும் அடிச்சி வச்சிருக்கீங்க?”

“ஒரு வார்த்தையத்தான் மாத்தியிருக்கேன். வில்லுன்னு இருந்துது, வுட்டுன்னு போட்டிருக்கேன்.”

“ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?”

இதைத்தான் ஊர் முழுக்கக் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘வுட்’ என்றால் இனிமேல் இல்லை என்று அர்த்தம் என்று, அவரைக்காய் வாசனையோடு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிற்கிறவளிடம் எப்படிச் சொல்வது? என் வாழ்நாள் முழுவதும் எதை அடித்துத் திருத்தினேனோ அதையே எடுத்துச் சொன்னேன்.

“அது ஒரு மரியாதைம்மா. வருவான்னா வில்லு. வருவாங்கன்னா வுட்டு.”



“பெத்த புள்ளைக்கு எதுக்குங்க மரியாதை? நம்ம பாப்பாவ யாராவது வாங்க போங்கன்னு சொல்லுவாங்களா? வில்லுன்னே போடுங்க.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற கோபம். “ஒனக்கு ஒண்ணும் தெரியாது. அத்தினி பேர் முன்னால படிக்கணும், கண்ணாடி போட்டு மாட்டப் போறாங்க. இங்கிலீஷ் வாத்தியாரு தப்பா எழுதிட்டான்னு சிரிப்பாங்க” என்று கத்தினேன்.

“சிரிச்சிட்டுப் போவட்டும்” என்றாள். அவள் குரல் ஏறவில்லை. “கடையில நாள் பூரா நான் சொல்றது அந்த வார்த்தைதாங்க. கலர் வில் நாட் கோ மேடம். சொன்னா நம்பி எடுத்துக்கினு போறாங்க. அது நல்ல வார்த்தை. அதயே போடுங்க.”

பிறகு நான் செய்தது அவ்வளவு நேர்மையான காரியம் இல்லை. இரண்டு தாளில் எழுதினேன். ஒன்றில் எல்லா இடத்திலும் ‘வில்’. அதை அவளிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சரி என்றாள். இன்னொன்றில் எல்லா இடத்திலும் ‘வுட்’. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். முதல் தாளை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். கூட்டத்தில் நான் வேகமாகப் படித்தால் அவளுக்கு எங்கே தெரியப் போகிறது என்பது என் கணக்கு. மகளும் போய், நான் பிழையில்லாமல் எழுதுகிறவன் என்கிற ஒன்றும் போய்விட்டால் என்னிடம் என்னதான் மிச்சம் இருக்கும் என்று நினைத்தேன். சின்ன புத்திதான். ஆனால் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

கூட்டத்தன்று கம்பெனியிலிருந்து கார் அனுப்பியிருந்தார்கள். நாற்பது ஐம்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள், பெரும்பாலும் பாப்பா வயதுப் பிள்ளைகள். எல்லோரும் அவள் போட்டுக்கொண்டு போகிற அதே சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தார்கள். அதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. எங்கே திரும்பினாலும் அவள் நிற்கிற மாதிரி இருந்தது. மேலாளர் எண்ணி எண்ணி நாலு வார்த்தை பேசினார். அலமாரியைத் திறந்து வைக்கச் சொல்லி என் மனைவியைக் கூப்பிட்டார்கள். திறந்தாள். பிறகு என்னைப் படிக்கச் சொன்னார்கள்.

தாளைப் பிரித்தேன். மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். படிக்கத் தொடங்குவதற்கு முன் அவளைப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன். நாற்காலியின் நுனிக்கு வந்து, முகத்தை என் பக்கமாக நீட்டி, காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் படிக்கப்போகிற ஒரு பக்கத்தில் அவளுக்குப் பாதி புரியாது. அவள் ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. ஒரு நாளைக்கு நூறு தரம் அவள் வாயாலேயே சொல்கிற சொல். எவ்வளவு வேகமாகப் படித்தாலும் அது இல்லாவிட்டால் கண்டுபிடித்துவிடுவாள்.

தாளில் ‘வுட்’ என்று இருந்தது. நான் ‘ஷீ வில் கெட் டவுன் அட் சிக்ஸ் தர்ட்டி’ என்று படித்தேன்.

அவள் தலையை ஆட்டினாள். அடுத்த வரிக்கும் ஆட்டினாள். ஒவ்வொரு ‘வில்’லுக்கும், சரி சரி என்கிற மாதிரி ஒரு தலையாட்டல். நான் தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பை, ஃப்ரிட்ஜ், சொம்பு, மருதாணி, கோயில் இட்லி எல்லாம் மனப்பாடமாகவே வந்தது. வயிற்று வலி வரியில் பிள்ளைகள் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே சிலர் அழுதார்கள். ‘ஷீ வில் டேக் லீவ் ஃபார் கருட சேவை’ என்று நான் சொன்னபோது பின்னால் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். அது இலக்கணப் பிழை என்று அங்கே ஒருவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

கூட்டம் முடிந்ததும் போனில் பேசிய அந்தப் பெண் வந்து, கண்ணாடி போடுவதற்காகத் தாளைக் கேட்டாள். கொடுக்கக் கையை நீட்டியவன் நிறுத்திவிட்டேன். தாளில் இருந்தது வேறு. “ஒரு நிமிஷம்மா, பேனா இருந்தா குடு” என்றேன். அந்த மேசையிலேயே குனிந்து, முதல் ‘வுட்’டை அடித்துவிட்டு மேலே ‘வில்’ என்று எழுதினேன். பத்து இடத்திலும் எழுதினேன். என் மாணவன் யாராவது பார்த்தால், சாருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைப்பான். சரியாக இருந்ததையெல்லாம் அடித்துத் தப்பாக்கிக் கொடுத்தேன். அந்தப் பெண் ஒவ்வொரு அடித்தலையும் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

திரும்பவும் காரிலேயே அனுப்பினார்கள். கார் கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்தது. அப்புறம் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

“அன்னிக்கு மரியாதைன்னு சொன்னீங்களே, அது பொய்யின்னு எனக்குத் தெரியும்.”

“யாரு சொன்னாங்க?”

“பாப்பாதான்.”

ஒரு முறை கடைக்குப் பம்பாயிலிருந்து ஒரு வயதான அம்மாள் வந்தாளாம். பெரிய மனுஷியாக இருக்கிறாளே என்று என் மனைவி மரியாதையாக, ‘கலர் வுட் நாட் கோ மேடம்’ என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் சேலையை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் மருதாணி வைத்துவிடும்போது இதைப் பாப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்.

“சிரிச்சா பாருங்க, அப்டி ஒரு சிரிப்பு. அப்புறம் சொன்னா. அம்மா, வில்லுன்னா நடக்கும்மா. வுட்டுன்னா, நடந்திருக்கும், ஆனா நடக்கல. யாராயிருந்தாலும் நீ வில்லுன்னே சொல்லு, வாக்கு குடுக்கற மாதிரி இருக்கும்னா. அப்பாகிட்ட சொல்லிடாத, கடைக்கே வந்து சாக்பீஸ் எறிவாருன்னா.”

நான் இருபத்தெட்டு வருடத்தில் ஒருவருக்கும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

“தெரிஞ்சே எதுக்கு வில்லுன்னு போடச் சொன்ன?” என்று கேட்டேன்.

“தமிழ்ல நான் எப்டி கூப்ட்டாலும் அவ வரப் போறதில்லங்க. எனக்குத் தெரியாதா? அந்தப் பாஷையிலயாவது வரட்டுமேன்னுதான்.”

நான் அழுதேன். ஆஸ்பத்திரியில் அழவில்லை, சுடுகாட்டில் அழவில்லை, ஆண்பிள்ளை வாத்தியார் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒருவருடைய காரில், முகத்தை மூடிக்கொண்டு சத்தமாக அழுதேன். டிரைவர் மெதுவாக ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். “நாளைக்குப் பாத்துக்கலாம்னு நான்தானே சொன்னேன்” என்று அவளிடம் சொன்னேன். அதை அதுவரை நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசியதே இல்லை. “நானும்தான் சரின்னேன்” என்றாள் அவள்.

ஐந்தரை மணி ஷிஃப்ட் விட்டிருந்தது. வரிசையாகக் கம்பெனி பஸ்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. வெள்ளை பஸ்கள், முன் கண்ணாடியில் ஊர்ப் பெயர் ஒட்டியிருந்தது. செங்கல்பட்டு ஒன்று, உத்திரமேரூர் ஒன்று. காஞ்சிபுரம் என்று எழுதிய பஸ் எங்கள் பக்கத்தில் வந்தபோது, மனைவி கழுத்தை வளைத்து அதன் ஜன்னல்களைப் பின்னால் வரை பார்த்தாள். சாம்பல் சட்டைப் பிள்ளைகள், சிலர் அதற்குள் தூங்கிவிட்டிருந்தார்கள்.

“இந்நேரம் பஸ் ஏறியிருப்பா” என்றாள்.

ஆங்கிலத்தில் அதற்கும் ‘வில் ஹேவ்’, ‘வுட் ஹேவ்’ என்று இரண்டு உண்டு. எதைச் சொல்கிறாய் என்று நான் அவளைக் கேட்கவில்லை.

“ஆமா, ஏறியிருப்பா” என்றேன்.